கழிப்பறை இருந்தும் வெளியே போவது ஏன்? கிராமத் துப்புரவுப் பணியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி உறுப்பினர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், பள்ளி ஆசிரியர்கள், தூய்மை பாரத இயக்கத்தில் ஊக்குநராக வேலை பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டுக் கிராமங்களை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் முக்கியமான ஆய்வுகள் பல வட மாநிலங்களிலும் ஒடிசாவிலும் ஆந்திராவிலும் நடந்தவை. அதனால் அங்கேயும் போய் வர வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியாகிவிட்டது. ஆனாலும் விடியற்காலையில் கண்மாய்க்கரைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். என்ன காரணம்?

காரணம் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை. அடுத்த வீட்டில் குழி நிறைந்துவிடுமோ என்ற பயம். இன்னொரு வீட்டில் கதவு உடைந்து வருடக்கணக்காகிறது, மாற்ற ஆளில்லை. அதற்கடுத்த வீட்டில் மருமகளும் பேத்தியும் உள்ளே போகிறார்கள், மாமனார் மட்டும் கருவேலங்காட்டுக்குப் போகிறார். கடைசி வீட்டில் அந்த அறை முழுக்க விறகு அடுக்கியிருக்கிறது. ஜீப்பில் வந்து இறங்கும் அதிகாரிக்கு இதெல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்: "இந்த ஜனங்களைத் திருத்த முடியாது."

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடுதான் நடந்துகொள்கிறார்கள். அந்தக் காரணத்தை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்காத வரை நாம் கட்டுவது வெறும் சுவர்தான்.

2013-14இல் ஆய்வாளர்கள் டயேன் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் குழுவினர் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா ஆகிய 5 மாநிலங்களின் கிராமங்களில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். பயன்படுத்தக்கூடிய நிலையில் கழிப்பறை இருந்த வீடுகளிலேயே, 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் குறைந்தது ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். வெளியே போவதால் காலாற நடக்கலாம், நல்ல காற்று கிடைக்கும், உடம்புக்கு நல்லது என்று பலர் சொன்னார்கள். நம் ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள், ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள்.

நோய் வரும் என்று சொன்னால் போதாதா? படிப்பறிவு இல்லாததுதானே பிரச்சினை?

போதாது. வயிற்றுப்போக்கு, குடற்புழு, மஞ்சள் காமாலை எல்லாம் எதனால் வருகின்றன என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் சரியாகவே பதில் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். தெரிந்த ஒன்றையே மறுபடி மறுபடி சொன்னால் கேட்பவருக்குச் சலிப்புத்தான் வரும்.

அப்புறம், தூய்மை என்ற எண்ணமே இல்லாத மக்களிடம் நாம் பேசவில்லை. "கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லி வளர்ந்தவர்கள். வாசல் தெளித்துக் கோலம் போடாமல் பொழுது விடியாத வீடுகள். சிக்கலே இந்தத் தூய்மை உணர்விலிருந்துதான் ஒரு பகுதி வருகிறது: மலம் வீட்டை விட்டு எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ அவ்வளவுக்கு வீடு சுத்தம் என்ற எண்ணம். சமையலறைக்கும் சாமி மாடத்துக்கும் பத்தடி தள்ளி ஒரு கழிப்பறை என்றால் பல பாட்டிமார்களுக்கு மனம் ஒப்பாது. கிருமிக் கணக்குப்படி அவர் நினைப்பது தவறுதான். ஆனால் அவரை அசுத்தமானவர் என்று பேசத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் எதைச் சொன்னால் மாறுவார்கள்?

கை கழுவுவது பற்றிய ஒரு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 'சூப்பர் அம்மா' என்ற பெயரில் 14 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. 7 கிராமங்களில் பிரசாரம், மற்ற 7 கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. கிருமி, நோய் என்ற பேச்சையே பெரும்பாலும் எடுக்கவில்லை. பிள்ளையை நல்லபடியாக வளர்க்கும் ஒரு தாயின் கதை, அருவருப்பைக் கிளப்பும் நாடகம், ஊரார் முன்னால் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. இவ்வளவுதான். தொடங்கும்போது இரண்டு பக்கமும் சோப்புப் போட்டுக் கை கழுவியது 1, 2 சதவீதம்தான். 6 மாதம் கழித்துப் பிரசாரம் நடந்த ஊர்களில் அது 37 சதவீதம், நடக்காத ஊர்களில் 6 சதவீதம். முடிவுகள் 2014இல் வெளியாயின.

அந்த 37 சதவீதத்தையும் கவனியுங்கள். இவ்வளவு நன்றாகத் திட்டமிட்ட பிரசாரத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் மாறவில்லை. ஒரு ஊர்வலமும் ஒரு பேனரும் ஊரையே மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழிப்பறை விஷயத்தில் எங்கள் பக்கத்தில் எடுபடுவது பெரும்பாலும் இவை: வயசுக்கு வந்த பெண் பிள்ளையின் பாதுகாப்பு, வெளியூர் உறவினர் வந்தால் வரும் சங்கடம், மழை நாளில் சேற்றில் போகும் அவதி, இரவில் பாம்பு, மூட்டுவலியோடு நடக்க முடியாத அம்மா. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பெண் வீட்டார் கேட்கும் முதல் சில கேள்விகளில் இப்போது இதுவும் வந்துவிட்டது.

"குழி சீக்கிரம் நிறைந்துவிடும், யார் அள்ளுவது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இதற்கு நேராகப் பதில் சொல்லாததால்தான் பல திட்டங்கள் தோற்றன.

மேலே சொன்ன வட மாநில ஆய்வில் தெளிவாகத் தெரிந்த ஒன்று: அரசு பரிந்துரைத்த சிறிய குழியை மக்கள் நம்பவில்லை. சொந்தக் காசில் கட்டியவர்கள் அதைப்போலப் பல மடங்கு பெரிய குழி தோண்டினார்கள். அவ்வளவு பெரிதாகத் தோண்டப் பணமில்லாதவர்கள் கட்டவே இல்லை, அல்லது கட்டியதை 'அவசரத்துக்கு' என்று ஒதுக்கிவைத்தார்கள். நம் ஊரிலும் இதே கதைதான். வீட்டில் 6 பேர் இருந்தால், நோயாளியும் விருந்தாளியும் மட்டும் கழிப்பறைக்குப் போவார்கள். மற்றவர்கள் வெளியே போய் குழியை 'மிச்சம் பிடிப்பார்கள்'.

இந்தப் பயத்துக்குப் பின்னால் நிற்பது சாதி. மலம் அள்ளுவது ஒரு குறிப்பிட்ட சாதியின் வேலை என்று பல நூற்றாண்டாக நம் சமூகம் வைத்திருந்தது. வீட்டுக்காரர் தானே அள்ளினால் அவமானம் என்று நினைக்கிறார். அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்ட மக்களின் பிள்ளைகளோ, 'இனி இந்த வேலை வேண்டாம்' என்று நியாயமாகவே விலகுகிறார்கள். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவது 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடைசெய்யப்பட்டது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்து, பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதும் குற்றமானது. அதற்குப் பிறகும் விஷவாயு தாக்கி இறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாவுகளில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. இது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

ஆகவே "குழி நிறைய ரொம்ப நாளாகும், கவலைப்படாதீங்க" என்று மழுப்பக் கூடாது. நிறையும். நிறைந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே சொல்ல வேண்டும்.

என்ன செய்வது? இரட்டைக் குழி என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

கால் வைத்து உட்காரும் கழிப்பறைப் பேசினுக்குப் பின்னால் ஒரு சிறு தொட்டி, அதிலிருந்து இரண்டு குழிகளுக்குப் பிரிந்து போகும் இரண்டு வழி. ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குழிதான் ஓடும். குழியின் அடியில் சிமென்ட் போடக் கூடாது. பக்கச் சுவரில் துளை விட்டுக் கட்ட வேண்டும், அல்லது துளையுள்ள உறை இறக்க வேண்டும். தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும், வாயுவும் மண்ணுக்குள் போய்விடும். மலத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் மிஞ்சுவது கொஞ்சம். 5, 6 பேர் உள்ள வீட்டில் ஏறக்குறைய மூன்றடி அகலம், நாலடி ஆழக் குழி நிறைய 3 வருடம் அல்லது அதற்கு மேலும் ஆகும்.

முதல் குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றி இரண்டாவதைத் திறக்க வேண்டும். முதல் குழியை மூடி 2 வருடம் தொடாமல் விட வேண்டும். அதற்குள் கிருமிகள் செத்து, உள்ளே இருப்பது மக்கி மண் போலாகிவிடும். வாடை இருக்காது. மண்வெட்டியால் வெட்டி எடுத்துத் தென்னைக்குப் போடலாம்.

கேட்க நன்றாக இருக்கும், நம்புவதுதான் கஷ்டம். அதனால் வாயால் சொல்வதை விட, நிறைந்து மக்கிய ஒரு குழியை ஊர் முன்னால் திறந்து காட்டுவது மேல். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டம் கங்காதேவிப்பள்ளியில், மத்திய குடிநீர் மற்றும் துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தானே குழிக்குள் இறங்கி மக்கிய எருவை அள்ளினார். அந்தப் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ஊராட்சித் தலைவரோ, ஊரில் மதிப்புள்ள ஒரு மேல்சாதிப் பெரியவரோ தன் வீட்டுக் குழியை ஊர் பார்க்கத் தானே அள்ளினால், அது நூறு கூட்டத்துக்குச் சமம். தூய்மைப் பணியாளரைக் கூப்பிட்டு அள்ளவைத்துக் காட்டினால் நேர் எதிர்ப் பலன்தான் கிடைக்கும். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் இந்தத் தவறு இன்னும் நடக்கிறது.

மூன்று எச்சரிக்கை. குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளியே குழி இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும் டெல்டாப் பகுதிகளிலும் பாறை நிலத்திலும் இந்த முறை அப்படியே சரிப்படாது, தெரிந்த பொறியாளரைக் கேட்டு மாற்றிக் கட்ட வேண்டும். குளிக்கிற தண்ணீரையும் இந்தக் குழிக்குள் விடாதீர்கள்.

செப்டிக் டேங்க் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லையே?

சரியாகக் கட்டினால் நல்லதுதான். பல வீடுகளில் இருப்பது செப்டிக் டேங்க் என்று பெயர் சூட்டிய ஒரு சிமென்ட் பெட்டி. அதன் குழாய் தெருச் சாக்கடையில் முடிகிறது, அல்லது நிறைந்தபின் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஓடையில் கொட்டுகிறது. உங்கள் வீட்டு மலம் கண்மாய்க்கே போய்ச் சேர்ந்தால், நடந்து போய்ப் போட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லாரிக்காரரிடம் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீர்கள்.

தண்ணீர் இல்லாத ஊரில் கழிப்பறை எப்படிப் பயன்படுத்துவார்கள்?

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமெல்லாம் இது நியாயமான கேள்வி. ஒரு குடம் தண்ணீருக்கு மணிக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணிடம், ஒவ்வொருவர் போய் வந்ததும் ஒரு வாளி ஊற்று என்றால் அவள் சிரிப்பாள். குடத்தைச் சுமப்பவள் அவள்தானே.

கிராமத்துக்கென்றே வந்த சரிவு அதிகமான பேசின் இருக்கிறது. அதற்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். நகரத்துக் கடையில் விற்கும் தட்டையான பேசினை மலிவாகக் கிடைத்தது என்று ஒப்பந்தக்காரர் பதித்துவிட்டால், ஒரு முழு வாளி ஊற்ற வேண்டியிருக்கும். இந்தச் சின்ன விஷயத்தால் மட்டும் கைவிடப்பட்ட கழிப்பறைகள் ஏராளம். கட்டும் முன் பேசினைப் போய்ப் பாருங்கள்.

பெண்கள் பயன்படுத்துகிறார்கள். ஆண்களைத்தான் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை.

பெண்ணுக்கு வெளியே போவது ஆபத்து, வேதனை. இருட்டுவதற்காகக் காத்திருப்பது, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வழியில் பைக் வெளிச்சம் பட்டால் எழுந்து நிற்பது. அவளுக்குக் கழிப்பறையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆணுக்கோ வெளியே போவது நண்பர்களோடு பேசிக்கொண்டு, வழியில் வயலையும் பார்த்துவிட்டு வரும் ஒரு வாடிக்கை. வீட்டில் எங்கே செலவு செய்வது என்று முடிவெடுப்பவரும் பெரும்பாலும் அவரே.

நம் விளம்பரங்களும் தவறு செய்தன. "பெண்ணின் மானம் காக்கக் கழிப்பறை" என்று சுவரெல்லாம் எழுதினோம். ஆண்கள் அதைப் படித்துவிட்டு, 'சரி, இது பெண்களுக்கானது' என்று காட்டுப் பக்கம் போனார்கள். ஆண்களிடம் தனியாகப் பேச வேண்டும். டீக்கடையில், இளைஞர் மன்றத்தில், வேலைத்தளத்தில், அங்கே மதிப்புள்ள ஓர் ஆணை வைத்தே பேச வேண்டும். வயலில் வேலை செய்யும்போது அவசரம் வந்தால் எங்கே போவது என்பதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். வீட்டுக் கழிப்பறை அதற்கு உதவாது.

தாத்தா பாட்டிகள் மறுக்கிறார்கள். பிடிவாதம்தானே?

முதலில் அவர்களுடைய முழங்காலைப் பாருங்கள். குத்தவைத்து எழ ஒரு பிடி இல்லை, தரை வழுக்குகிறது, படி உயரம், உள்ளே இருட்டு. சுவரில் ஒரு கைப்பிடி, தேவைப்பட்டால் நடுவில் துளையுள்ள ஒரு நாற்காலி, ஒரு பல்பு. இவை வந்ததும் பாதிப் பிடிவாதம் போய்விடும். மூச்சடைக்கிறது என்பவர்களுக்கு ஜன்னல் வையுங்கள். மூன்றடிக்கு மூன்றடி அறையில் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்கும் பிடிக்காது.

கைக்குழந்தையின் மலத்தை எல்லோரும் குப்பையில்தானே போடுகிறார்கள்? அது ஆபத்தா?

ஆபத்துதான். பால் குடிக்கும் பிள்ளையின் மலம் அருவருப்பில்லாதது என்று நமக்குப் படுகிறது. நோய்க் கிருமிகள் அதில் பெரியவர்களுடையதை விட அதிகமாகவே இருக்கக்கூடும், அது விழுவதும் மற்றக் குழந்தைகள் தவழும் இடத்தில். அள்ளிக் கழிப்பறையில் போட்டு, கையைச் சோப்பால் கழுவ வேண்டும். எந்தக் கணக்கெடுப்பிலும் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

அரசு தரும் 12,000 ரூபாய் போதவில்லை என்கிறார்கள். பணம்தானே உண்மையான தடை?

ஏழைக் குடும்பத்துக்குப் பணம் பெரிய தடைதான். 2014 அக்டோபர் 2இல் தூய்மை பாரத இயக்கம் தொடங்கியபோது வந்த இந்தத் தொகையில் குழி, மேடை, சுவர் எல்லாம் எளிமையாக முடிக்கலாம் என்றுதான் கணக்கு. மணல், கம்பி, கொத்தனார் கூலி ஏறியபின் கைக்காசு போடாமல் முடியாது. அதுவும் கட்டி முடித்துப் படம் ஏற்றிய பிறகே பணம் வரும் என்றால், முதலில் கடன் கொடுப்பது யார்? சுய உதவிக் குழு முன்பணம் கொடுத்த ஊர்களில் வேலை நடந்தது.

அதோடு பட்டா இல்லாத குடும்பங்கள். புறம்போக்கில் இருப்பவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், இடமே இல்லாத காலனி வீடுகள். இவர்களைப் பட்டியலில் சேர்க்காமலே ஊரை 'முழுமை' என்று அறிவித்துவிடுகிறோம்.

ஆனால் பணம் மட்டும்தான் என்றால், டிவியும் பைக்கும் உள்ள வீட்டில் கழிப்பறை இல்லாததை எப்படி விளக்குவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமப்புற வீடுகளில் சுமார் 23 சதவீதத்தில்தான் கழிப்பறை இருந்தது. படிப்பிலும் வருமானத்திலும் நம்மை விடப் பின்தங்கிய பல நாடுகள் இதில் நம்மை முந்தியிருந்தன. வங்கதேசத்தில் 1990இல் 34 சதவீதமாக இருந்த, திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கம் 2015க்குள் ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. பணத்தைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் குழி பற்றிய பதிலில் சொன்னேன்.

இன்னொன்று: யார் கட்டியது என்பது முக்கியம். ஒப்பந்தக்காரர் வந்து வரிசையாகக் கட்டிவிட்டுப் போன கழிப்பறைக்கு வீட்டுக்காரர் பெயர் "கவர்மென்ட் கக்கூஸ்". தானே இடம் பார்த்து, தானே கொத்தனார் பேசிக் கட்டியது "எங்க பாத்ரூம்". எது பூட்டிக்கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் மகளிர் சுகாதார வளாகம் பூட்டியே கிடக்கிறதே?

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் ஊராட்சிக்கு ஒன்றாக இந்த வளாகங்களைக் கட்டினார்கள். துவைக்க, குளிக்க, கழிப்பறைக்கு எல்லாம் ஒரே இடம் என்ற எண்ணம் நல்லது. மோட்டார் ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது, யார் கழுவுவது, மின் கட்டணம் யார் கட்டுவது என்பதற்குப் பதில் இல்லாமல் போனதால் பல இடங்களில் புதர் மண்டியது. பின்னால் பழுதுபார்த்தார்கள். சில ஊர்களில் திரும்பவும் அதே நிலை.

திருச்சி நகரத்தின் குடிசைப் பகுதிகளில் வேறு மாதிரி நடந்தது. 'கிராமாலயா' போன்ற அமைப்புகளின் துணையோடு, அந்தப் பகுதிப் பெண்களே குழுவாகச் சேர்ந்து பொதுக் கழிப்பறைகளை எடுத்து நடத்தினார்கள். ஒருமுறை போக ஒரு சிறு கட்டணம், வாசலில் கணக்கு எழுதும் பெண், அந்தக் காசில் சுத்தம் செய்பவருக்குச் சம்பளம், மிச்சம் பொது வேலைக்கு. சொந்தப் பெண்கள் நடத்துவதால் நம்பிக்கை, சுத்தமாக இருப்பதால் கூட்டம், கூட்டம் வருவதால் காசு. அதே மாவட்டத்தில் முசிறியில், மலத்தையும் சிறுநீரையும் பிரித்து எருவாக்கும் பொதுக் கழிப்பறைக்கு வருபவர்களுக்குச் சிறு தொகை கொடுத்தும் பார்த்தார்கள். கட்டணம் வாங்கியும் நடந்தது, காசு கொடுத்தும் நடந்தது. இரண்டு இடத்திலும் பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள் இருந்தார்கள்.

வெளியே போகிறவர்களை விசில் ஊதித் துரத்தலாமா? ரேஷனை நிறுத்தினால் வழிக்கு வருவார்கள் என்கிறார்களே?

கூடாது.

இந்த முறையை ஆதரிப்பவர்கள் வங்கதேசத்தைக் காட்டுவார்கள். ராஜசாகி மாவட்டத்தின் மோஸ்மோயில் கிராமத்தில் வளர்ச்சிப் பணி ஆலோசகர் கமல் கர் தொடங்கிய 'சமூகமே முன்நின்று நடத்தும் முழுத் துப்புரவு' முறையில், ஊரார் சேர்ந்து தங்கள் மலம் எங்கெல்லாம் கிடக்கிறது என்று தரையில் வரைபடம் போட்டு, நடந்து போய்ப் பார்ப்பார்கள். அருவருப்பும் வெட்கமும் அங்கே ஊர் முழுவதுக்கும் சேர்ந்து வரும், முடிவும் ஊரே எடுக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே செய்தது வேறு: அதிகாரியும் ஊர்ப் பெரிய வீட்டுப் பையன்களும் சேர்ந்து ஏழைகளை விரட்டுவது, படம் எடுப்பது, ரேஷனை மிரட்டலாக வைப்பது. இது யார் தலையில் விழும்? இடமும் தண்ணீரும் இல்லாதவர்கள் தலையில்.

2019 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிவ்புரி மாவட்டத்தில், வீட்டில் கழிப்பறை இல்லாத இரண்டு தலித் குழந்தைகள் சாலையோரம் மலம் கழித்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார்கள். நாட்டின் கிராமங்கள் முழுக்கத் திறந்தவெளிப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது அதற்கு அடுத்த வாரம், அக்டோபர் 2இல். 'அவமானப்படுத்தித் திருத்தலாம்' என்று கூட்டத்தில் யாராவது எழுந்து சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் அந்த அறிவிப்பெல்லாம் பொய்யா?

முன்னேற்றம் உண்மை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16இல் கழிப்பறை வசதியே இல்லாத வீடுகள் 39 சதவீதம், 2019-21இல் 19 சதவீதம். இவ்வளவு குறைந்த காலத்தில் இது பெரிய மாற்றம். ஆனால் 19 என்பது பூஜ்யம் இல்லை. காஃபி குழுவினர் 2018இல் பழைய கிராமங்களுக்குத் திரும்பிப் போனபோது, கழிப்பறை உள்ளவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவர் இன்னும் வெளியே போனார். அந்த விகிதம் 2014இல் இருந்தபடியே இருந்தது. கழிப்பறைகள் பெருகின, பழக்கம் அதே வேகத்தில் மாறவில்லை.

ஊரில் முக்கால்வாசிப் பேர் மாறிவிட்டால் போதாதா?

அவர்கள் வீட்டுக்கு வசதி, ஆனால் நோய் குறைவதற்குப் போதாமல் போகலாம். ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்த சோதனையில், திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக ஏறின. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. பாதி வீடு, அதிலும் பாதி ஆள் என்றால் மிச்சப் பேரின் மலத்தில் உட்கார்ந்த ஈ எல்லோர் வீட்டுச் சோற்றிலும்தான் உட்காரும். கீழத்தெருவை விட்டுவிட்டு மேலத்தெரு மட்டும் ஆரோக்கியமாக இருக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் என்ன செய்யலாம்?

பிள்ளைகளைத் தூதுவர்கள் ஆக்குவதற்கு முன் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இல்லாவிட்டால் பெரிய பெண் பிள்ளைகள் அந்த நாட்களில் வர மாட்டார்கள். தமிழ்நாடு அரசின் 'புது யுகம்' திட்டத்தில் நாப்கின் இலவசமாகவே கிடைக்கிறது, பயன்படுத்தியதைப் போட இடம்தான் இருப்பதில்லை. கழிப்பறை கழுவப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அதிலும் எந்தச் சாதிப் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

கணக்கெடுப்பு எப்படி எடுப்பது? எல்லோரும் "நாங்க உள்ளேதான் போறோம்" என்கிறார்கள்.

"உங்கள் வீட்டில் கழிப்பறை பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். கேள்வியை ஒவ்வொரு ஆளுக்கும் பிரியுங்கள்: "பாட்டி எங்கே போவாங்க? அண்ணன் வயலுக்குப் போனா என்ன பண்ணுவாரு? சின்னவனுக்கு எங்கே?" சிலர் உள்ளே போவார்கள், சிலர் வெளியே போவார்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், உண்மையைச் சொல்லக் கூச்சம் குறையும். பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கழிப்பறையையும் ஒருமுறை பாருங்கள். ஈரமான தரை, பக்கத்தில் வாளி, செருப்புத் தடம் இருந்தால் ஓடுகிறது. சிலந்தி வலை இருந்தால் ஓடவில்லை.

நான் புதிதாக ஊராட்சி உறுப்பினர் ஆகியிருக்கிறேன். நிதி எதுவும் கையில் இல்லை. எங்கே தொடங்குவது?

ஓடாமல் கிடக்கும் கழிப்பறைகளில் தொடங்குங்கள். அவை ஏற்கனவே கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வரி எழுதுங்கள்: கதவு, தண்ணீர், குழி, அடைப்பு, கைப்பிடி, மனசு. கதவும் அடைப்பும் கைப்பிடியும் ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் சில நாளில் முடிக்கும் வேலை. குழி என்று எழுதிய வீடுகளுக்கு மூடியைத் திறந்து காட்டுங்கள், பெரும்பாலும் பாதிகூட நிறைந்திருக்காது. அடியில் சிமென்ட் போட்டுவிட்ட ஒற்றைக் குழி என்றால், பக்கத்தில் இரண்டாவது குழிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் என்று எழுதியதை அடுத்த கிராம சபையில் தெருப் பெயரோடு தீர்மானமாக வையுங்கள். மனசு என்று எழுதிய வீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது போய் வாருங்கள், ஒவ்வொரு முறையும் இதைப் பற்றியே பேச வேண்டும் என்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதே பட்டியலை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போங்கள். புதிய கழிப்பறைக்கான விண்ணப்பங்களை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.